பன்றி கிளறிய மண்: பயிரழிவும் நில உறவுகளும்

1

பெரும்போகப் பயிர் முற்றும் காலத்தில், வன்னிப் பெருநிலப்பரப்பின் காட்டோரக் கிராமமொன்றுக்கு விடியற்காலையிற் செல்பவர் காணக்கூடிய காட்சியொன்று உண்டு. முதல்நாள் மாலைவரை வரிசை குலையாது நின்ற கச்சான் பாத்திகள், ஏர் தாறுமாறாக ஓடியது போன்று கிளறப்பட்டுக் கிடக்கும். வேர் மேலாகப் புரண்ட செடிகள், பாதி கடித்தெறிந்த மரவள்ளிக் கிழங்குகள், சரிந்த வரப்பு, இவற்றினிடையே பிளவுண்ட குளம்படிகள். ‘பன்றி இறங்கிவிட்டது’ என்று கமக்காரர் சொல்லும் இரு சொற்களில் ஒரு போகத்தின் உழைப்பும் அவ்வுழைப்புக்காகப் பட்ட கடனும் அடங்கிவிடுகின்றன.

இவ்வழிவு பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் இருவகைப்பட்டன. பன்றி பயிருக்குப் பகை, ஆகவே ஒழிக்கப்படவேண்டியது என்பது ஒன்று. மனிதன் காட்டை அழித்தான், விலங்கு அவன் வயலுக்குள் வந்தது, குற்றம் மனிதனுடையதே என்பது மற்றொன்று. முன்னையது விலங்கைக் குற்றவாளியாக்குகிறது. பின்னையது மனிதனைக் குற்றவாளியாக்குகிறது. ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுள்ளது. ‘மனிதன்’ என்னும் சொல்லை இரண்டும் வேறுபாடற்ற ஒரு முழுமையாகக் கொள்கின்றன. காட்டை வெட்டி விற்றவனும், காட்டில் வேட்டையாடி மகிழ்ந்தவனும், காட்டோரத்தில் இரவெல்லாம் கண்விழித்துக் காவலிருப்பவனும் ஒருவரல்லர்.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுதல் பயனுடையது. பன்றி ஏன் நிலத்தைக் கிளறுகிறது என்பது முதலாவது. அதற்கு விடை பன்றியின் உடலிலும் உணவிலும் கிடைக்கும். அக்கிளறல் எப்பொழுது, யாருக்கு, சேதமாகிறது என்பது இரண்டாவது. அதற்கு விடையை மனிதர் தமக்குள் நிலத்தையும் காட்டையும் பங்கிட்டுக்கொண்ட முறையிலேயே தேடவேண்டும்.

2

காட்டுப்பன்றி ஐரோப்பா, ஆசியா, வட ஆபிரிக்கா ஆகிய பகுதிகளுக்கு இயல்பாக உரிய விலங்கு. வீட்டுப்பன்றியும் அதே இனத்தைச் சேர்ந்ததே. ஏறத்தாழ ஒன்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவிலும் சீனாவிலும் தனித்தனியே அது பழக்கப்படுத்தப்பட்டது. பழக்கப்பட்ட பின்னரும் மண்ணைக் கிளறும் இயல்பு அதனிடமிருந்து நீங்கவில்லை. பட்டியில் அடைத்து வயிறாரத் தீனி வைத்தாலும் வீட்டுப்பன்றி தரையைக் கிளறும். இது தற்செயலான பழக்கமன்று என்பதற்கு அதுவே சான்று.

பன்றியின் மூக்கு நுனி தட்டையான வட்டமாக அமைந்துள்ளது. குருத்தெலும்பாலான அவ்வட்டத்தினுள்ளே அதற்கு வலுவூட்டும் சிறிய எலும்பொன்று இருக்கிறது. பருத்த கழுத்துத் தசைகள் பின்னின்று தள்ள, இம்மூக்கு மண்வெட்டியாகத் தொழிற்படுகிறது. அதே உறுப்பு மண்ணுக்குள் மறைந்திருக்கும் கிழங்கையும் புழுவையும் மோப்பத்தாற் கண்டுகொள்ளும் கூர்மையும் உடையது. தேடும் புலனும் தோண்டும் கருவியும் ஓருறுப்பாக அமைந்தமை இவ்விலங்கின் சிறப்பாகும்.

அதன் வயிற்றமைப்பும் இங்கு கவனிக்கத்தக்கது. மாடும் மானும் புல்லைத் தின்று அசைபோட்டு வாழ்வன. பன்றிக்கு அத்தகைய இரைப்பை இல்லை. நார் மிகுந்த புல்லை மட்டும் உண்டு அது வாழமுடியாது. மாப்பொருள் நிறைந்த கிழங்கு, வேர், உதிர்ந்த கனி, விதை ஆகியனவும், புரதம் தரும் மண்புழு, வண்டின் புழு முதலியனவும் அதற்கு வேண்டும். இவற்றிற் பெரும்பகுதி மண்ணுக்குள்ளே இருப்பவை. சினைப்பட்ட பன்றிக்கும் பால்கொடுக்கும் பன்றிக்கும் இத்தேவை இன்னும் மிகும். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாட்கள். ஓரீற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள்வரை ஈனுதல் சாதாரணம். உணவு பெருகினால் குட்டிகளும் பெருகும்.

காய்ந்து இறுகிய மண்ணைக் கிளறுவது பன்றிக்கும் கடினமே. மழை பெய்து மண் இளகி, புழுக்கள் மேலெழும் வேளையிலேயே கிளறல் மிகுதியாகும். வடகீழ்ப் பருவமழையை நம்பிக் கமக்காரன் விதைப்பதும் அதே வேளையிலேதான். அவனுக்காக மண்ணை நெகிழ்விக்கும் மழை பன்றிக்காகவும் நெகிழ்விக்கிறது. வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் பன்றிக்கு இல்லையாதலால் அது சேற்றிற் புரண்டு வெப்பத்தைத் தணிக்கிறது. உண்ணி முதலியவற்றையும் அவ்வாறே போக்கிக்கொள்கிறது. நெல்வயலின் வரப்போரம் குழியாவதற்கு ஒரு காரணம் இதுவாகும்.

காட்டில் ஒரு கிழங்குக்காகப் பன்றி நெடுந்தூரம் அலையவேண்டும். பயிர்ச்செய்கையோ அத்தகைய உணவை ஓரிடத்திற் குவித்து, மண்ணையும் முன்கூட்டியே கொத்தி இளக்கி வைக்கிறது. சிதறிக் கிடந்ததை ஒன்றுதிரட்டுவதே வேளாண்மையின் சாதனை. பன்றியை வயலுக்கு ஈர்ப்பதும் அச்சாதனையே.

இக்கிளறல் இயல்பாகவே தீயதெனவும் கூறமுடியாது. உதிர்ந்த இலையையும் மண்ணையும் அது கலக்கிறது. புதிய விதை முளைக்க வெறுமண்ணைத் திறந்துவிடுகிறது. ஆனால் விலங்கின் தொகை மிகுந்தவிடத்தும் சரிவான நிலத்தும் அதே செயல் செடிகொடிகளை அழித்து மண்ணை நீர் அரித்துச்செல்ல வழிவகுக்கிறது. ஒரே செயல் இருவகை விளைவுகளைத் தருகிறது. எந்த விளைவு மேலோங்கும் என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது.

3

சூழல் என்பது மண்ணும் மழையும் மட்டுமன்று. உற்பத்தி முறையும் அதன் பகுதியே. இதனைத் துலக்கும் சான்று நமது பழைய இலக்கியத்திலேயே உண்டு. புறநானூற்றின் 168 ஆம் பாட்டு குதிரைமலைத் தலைவனாகிய பிட்டங்கொற்றனைப் பற்றியது. அப்பாட்டிற் காட்டப்படும் மலைச்சாரலில், காந்தட் கிழங்கைத் தேடிவந்த பன்றிக் கூட்டம் நிலத்தைக் கிளறிப் புழுதியாக்குகிறது. நல்ல நாள் பார்த்திருந்த குறவர், அப்புழுதியில் ஏர் பூட்டாமலே தினையை விதைக்கின்றனர். தினையும் செழித்து விளைகிறது.

இதனைப் புலவரின் கற்பனையழகு என்று கூறி அப்பால் நகர்ந்துவிடுதல் எளிது. ஆனால் ஏர்மாடும் நிலையான வயலுமற்ற, இடம்மாறிப் பயிர்செய்யும் மலைச்சமூகமொன்றின் உற்பத்தி நிலையை அதிற் காணலாம். அங்கே பன்றியின் மூக்கு கலப்பையின் வேலையைச் செய்கிறது. இன்று நாம் ‘சேதம்’ என்று கணக்கிடும் அதே செயல் அச்சமூகத்தின் உற்பத்திக்குள் உழைப்பாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

அதனால் அக்காலம் முரண்பாடற்ற பொற்காலம் என்று கொள்ளவேண்டியதில்லை. விதைத்த தினை முற்றியதும் அதே பன்றி கள்வனாகத் திரும்பிவந்தது. நற்றிணையின் 119 ஆம் பாட்டில், தினை தின்னவரும் பன்றிக்காகப் புனத்துக்குரியவன் பெருங்கல்லாற் பொறி அமைக்கிறான். பன்றி தப்பிவிட, புலி அதில் அகப்படுகிறது. பரணும் இரவுக்காவலும் குறிஞ்சித் திணைப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருவன. பயிருக்கும் விலங்குக்குமான போராட்டம் அன்றும் கடுமையாகவே இருந்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. புனம் யாருடையதோ பொறியும் அவனுடையதே. அகப்பட்ட விலங்கின் இறைச்சியும் அவன் குடிக்கே போயிற்று. தின்ற தினைக்குப் பன்றியின் ஊன் ஓரளவு ஈடாயிற்று. பயிரிடும் கையும் வேட்டையாடும் கையும் ஒரு கையாக இருந்தவரை, பன்றியால் வந்த இழப்பும் பன்றியால் வந்த ஆதாயமும் ஓரிடத்திலேயே சமன்பட்டன. அவ்விரு கைகளும் பிரிக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதைக் காண ஐரோப்பிய நிலமானிய வரலாற்றின் பக்கம் செல்லவேண்டும். அங்கு அப்பிரிவினை ஐயத்துக்கிடமின்றிப் பதிவாகியுள்ளது.

4

1525 ஆம் ஆண்டில் தென்ஜேர்மனியில் எழுச்சிகொண்ட குடியானவர்கள் மெம்மிங்கன் நகரிற் கூடித் தம் கோரிக்கைகளைப் பன்னிரண்டாக வகுத்து வெளியிட்டனர். அவற்றுள் நான்காவது கோரிக்கை வேட்டையையும் மீன்பிடியையும் பற்றியது. ஏழை ஒருவனுக்கு வேட்டை விலங்கையோ பறவையையோ மீனையோ தொடும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. பிரபுக்கள் தமது வேட்டைக் களியாட்டத்துக்காக விலங்குகளைப் பேணிவந்தனர். அவை வயல்களில் இறங்கிப் பயிரைத் தின்றழிக்கையில் உழைத்தவன் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பதே அவர்களின் முறைப்பாடு. விறகும் மரமும் பற்றிய ஐந்தாவது கோரிக்கை அதனைத் தொடர்ந்து வருகிறது.

அக்காட்டுப்பன்றி எந்தக் காட்டுப்பன்றியைப் போலவும் பசியாலேயே கிளறியது. ஆனால் அதன்பின்னே பிரபுவின் சட்டம் நின்றது. விலங்கு ஒருவனுடைய உடைமையும் அதன் தீனி இன்னொருவனுடைய உழைப்புமாகப் பிரிந்தன. வயலில் மேய்ந்த பன்றி, பிரபு அறவிட்ட எழுதப்படாத வரியாயிற்று. எங்கெல்ஸ் 1850 இல் இப்போரைப் பற்றி எழுதியபோது குடியானவர் சுமந்த சுமைகளுள் இவ்வேட்டைக் கொடுமையையும் சேர்த்தே எண்ணினார். அதற்கு எட்டாண்டுகளின் முன்னர், 1842 இல், காட்டில் விறகு பொறுக்குவதைத் திருட்டாக்கிய சட்டத்தைப் பற்றி எழுதியபோதே பொருளியற் கேள்விகளின்பாற் கார்ல் மார்க்ஸ் திரும்பினார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. கொல்லப்பட்டோர் ஓர் இலட்சம்வரை என மதிப்பிடப்படுகின்றனர். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின்போதே பிறர் காணியில் வேட்டையாடும் பிரபுக்களின் தனியுரிமை தகர்ந்தது. 1952 ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் இயற்றப்பட்ட கூட்டாட்சி வேட்டைச் சட்டமோ, காட்டுப்பன்றி முதலியன பயிருக்கு விளைக்கும் சேதத்துக்கு ஈடுசெய்யும் கடப்பாட்டை வேட்டையுரிமையோடு பிணைத்துள்ளது. வேட்டையுரிமையைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தின் மூலம் அப்பொறுப்பையும் ஏற்பது வழக்கம். பன்றி மாறவில்லை, இழப்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே மாறியது. அம்மாற்றம் போராட்டங்களின் வழியே வந்தது.

5

நிலமானிய ஐரோப்பாவில் நிகழ்ந்த அப்பிரிவினை நமது நாட்டிற் குடியேற்ற ஆட்சியின் சட்டங்களினால் வேறொரு வடிவில் நிகழ்ந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் ஆட்சியற்ற நிலமும் எதிரிடையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என்று கொண்டது. பல ஆண்டு இடைவெளிவிட்டுப் பயிரிடப்படும் சேனைநிலங்கள், கண்டிய மாகாணங்களில், சன்னசு முதலிய ஆவணங்கள் இன்றேல் முடிக்கே உரியனவாயின. கோப்பித் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்த காலம் அது. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அப்பிடியை மேலும் இறுக்கிற்று. தலைமுறைதோறும் காட்டை வெட்டி, எரித்து, விதைத்து, மீண்டும் காட்டிடமே விட்டுவந்த கிராமத்தவன், தன் காட்டிலேயே அனுமதிச்சீட்டுக் கேட்பவனானான்.

மறுபுறத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் வேட்டைப்பிரியர்களும் 1894 இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1900 இல் யால பகுதி விலங்குகளின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் அயலில் வேட்டைப்பிரியர்களுக்கெனத் தனி ஒதுக்கமும் இருந்தது. 1937 இல் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. 1938 இல் யால தேசிய பூங்காவாயிற்று. விலங்குகளைக் காத்தல் அவசியமே என்பதில் ஐயமில்லை. அப்பாதுகாப்பின் விலையைச் செலுத்துவோர் யார் என்பதே கேள்வி.

யாலவை உள்ளடக்கிய அம்பாந்தோட்டைப் பகுதியில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனார்ட் வூல்ஃப். ‘காட்டினுட் கிராமம்’ எனப் பொருள்படும் தலைப்புடைய அவரது நாவல் 1913 இல் வெளிவந்தது. அதன் களமான பெத்தகம சேனையை நம்பிய கிராமம். வறண்ட நிலத்திற் குரக்கன் விளைவித்து, காவற்குடிசையிலிருந்து பன்றியையும் மானையும் விரட்டி வாழும் மக்கள் அவர்கள். ஆனால் அவர்களை அழிப்பது பன்றியன்று. சேனை வெட்டும் அனுமதி கிராமத் தலைவன் கையில் இருக்கிறது. விதைக்கும் உணவுக்கும் பட்ட கடன் வட்டிக்காரன் ஏட்டில் இருக்கிறது. இவ்விருவரும் கூடும்போது சிலிந்துவின் குடும்பம் நொறுங்குகிறது. வேட்டையாடி வாழ்ந்த சிலிந்து ஈற்றில் அவ்விருவரையும் சுட்டுக் கொல்கிறான். ஒவ்வொரு குடிசையாக வெறுமையாகிறது. காடு முற்றத்துக்கு வருகிறது. இறுதியாக எஞ்சும் அவன் மகள் புஞ்சி மெனிக்கா சாகக்கிடக்கையில், குடிசை வாயிலில் பெரிய ஆண்பன்றியொன்று கொம்பு மின்ன வந்து நிற்கிறது.

இவ்விறுதிக் காட்சியைக் காட்டின் வெற்றி என்றும் விதியின் கொடுமை என்றும் வாசித்தோர் உளர். வூல்ஃபின் நடையிலும் அத்தகைய வாசிப்புக்கு இடமுண்டு. காட்டையே தீய சக்தியாகக் காணும் மனப்பாங்கு அவரை முற்றாக விட்டு நீங்கவில்லை. எனினும் தாம் பணியாற்றிய ஆட்சியின் அலுவலர் என்ற முறையில் அவர் கண்ட உண்மை அம்மனப்பாங்கையும் மீறி நாவலிற் பதிந்துள்ளது. பன்றி கடைசியாகவே வருகிறது. அது நுழைவதற்கான வாயிலை அனுமதிச்சீட்டும் கடன் ஏடும் நீதிமன்றமும் முன்னரே திறந்து வைத்துவிட்டன.

6

பன்றியே இல்லாத நிலத்துக்கு மனிதன் பன்றியைக் கொண்டுசென்ற வரலாறும் இதே உண்மையை மறுபுறமிருந்து நிறுவுகிறது. அமெரிக்கக் கண்டத்துக்குப் பன்றி இயல்பாக உரியதன்று. 1539 இல் ஸ்பானியரான த சோட்டோ புளோரிடாவில் இறங்கியபோது தம் படைக்கு உணவாகப் பன்றிகளைக் கொண்டுவந்தார். பின்வந்த குடியேறிகள் வளர்த்து மேயவிட்டவற்றுட் பல காட்டுக்குட் சென்றன. 1912 இல் வட கரோலினாவின் மலையொன்றில், செல்வந்தரின் வேட்டைப் பொழுதுபோக்குக்காக, ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் வேலியிட்டு விடப்பட்டன. வேலி அவற்றைத் தடுத்து நிறுத்தவில்லை. பிற்காலத்திலும் வேட்டை விருப்பினர் பன்றிகளைப் பிடித்துப் புதிய இடங்களுக்கு ஏற்றிச்சென்று விட்டமை அவற்றின் பரவலைத் துரிதப்படுத்தியது. இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அவை பயிரை அழிக்கின்றன. அவற்றை அடக்க 2014 முதல் மத்திய அரசு பொதுநிதியிலிருந்து தனித்திட்டமொன்றை நடத்திவருகிறது. வேட்டை இன்பம் தனியாரினது. வேட்டைக் கட்டணமும் தனியார் பெறுவது. கிளறப்பட்ட நிலத்தின் செலவோ பொதுமக்களினது. ஆதாயம் தனியுடைமையாகவும் இழப்பு பொதுவுடைமையாகவும் இருப்பது முதலாளித்துவத்தின் பழகிய கணக்கு.

7

நமது வரண்ட வலயக் கிராமங்களில் இக்கணக்கு இன்னும் கொடியது. இங்கு இழப்பைப் பகிர்ந்துகொள்ளப் பொதுமக்கள்கூட இல்லை. தனித்தனிக் கமக்காரனே அதைச் சுமக்கிறான். உள்நாட்டுப் போரினால் மக்கள் பெயர்ந்துபோன வன்னியில் வயல்கள் ஆண்டுக்கணக்காகப் பற்றை மண்டிக் கிடந்தன. 2009 இற்குப் பின்னர் மீளக் குடியமர்ந்தோர் காணியைத் துப்புரவாக்கிப் பயிரிட்டபோதும், அயற்காணி பற்றையாகவே இருந்தால் அது பகலிற் பன்றிக்கு மறைவிடமாயிற்று. ஒருவன் தன் காணியை மட்டும் காத்துக்கொள்வது இயலாத காரியம். வேலி ஓரிடத்தில் உயர்ந்தால் பன்றி அடுத்த காணிக்குச் செல்லும். வேலி போட வசதியில்லாதவனே அடுத்த காணிக்காரன்.

தனிமைப்படுத்தப்பட்டவன் கையிலெடுக்கும் கருவிகள் எத்தகையன என்பதையும் நாம் அறிவோம். கட்டுத்துவக்கு, சட்டவிரோத மின்கம்பி, இரையினுள் வெடிமருந்தை மறைத்துவைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’. பன்றிக்கென வைத்த ஹக்க பட்டாஸை யானைக்கன்று கடித்து வாய் சிதைந்து பல நாள் பட்டினி கிடந்து மடிகிறது. கட்டுத்துவக்கில் விறகுக்கும் தேனுக்கும் காட்டுவழி போன இன்னோர் ஏழையின் கால் சிதைகிறது. நற்றிணைப் பாட்டிற் பன்றிக்கு வைத்த பொறியிற் புலி அகப்பட்டது. இன்றைய பொறியில் அயலவன் அகப்படுகிறான். இவற்றைச் சட்டம் தடைசெய்திருப்பது சரியே. ஆனால் அம்மனிதனை அக்கருவியின்பாற் தள்ளிய நிலையை அப்படியே வைத்துக்கொண்டு கருவியை மட்டும் தடைசெய்வது பாதித் தீர்வாகும்.

பன்றியின் இயல்பிலிருந்தே சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. அது மறைவை நாடுவது. ஆகவே கைவிடப்பட்ட காணிகளின் பற்றையைக் கூட்டாக வெட்டவேண்டும். அது முற்றிய பயிரை நாடுவது. ஆகவே ஒரு வெளியிலுள்ளோர் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால் காவற்காலம் சுருங்கும். காணிக்கொரு வேலியினும் கிராமத்துக்கொரு வேலி மலிவானதும் பயனுள்ளதுமாகும். இவை யாவும் கூட்டுழைப்பை வேண்டுவன. அதற்கும் மேலாக, காட்டைப் பேணுவதால் வரும் நன்மை முழுச் சமூகத்துக்கும் உரியதாயின் அதனால் வரும் இழப்பும் முழுச் சமூகத்தின் பொறுப்பாகவேண்டும். பயிருக்கான நட்டஈடு அரசின் கருணையாகவன்றிக் கமக்காரனின் உரிமையாகச் சட்டத்தில் இடம்பெறவேண்டும்.

பன்றி ஏன் நிலத்தைக் கிளறுகிறது என்று கேட்டால், பசியால் என்று ஒரு சொல்லில் விடை கூறலாம். அதற்கென அமைந்த மூக்கும் அதைத் தூண்டும் மழையும் அதற்கு உண்டு. அது கிளறிய மண்ணில் ஒரு காலத்தில் தினை விளைந்தது; இன்னொரு காலத்தில் கடன் விளைகிறது. இவ்விரு விளைச்சலுக்குமுள்ள வேறுபாட்டுக்குப் பன்றி பொறுப்பன்று.